காரின் பக்கக் கண்ணாடி பழுதானால்...



ஒரு வீட்டுக் காரை ஒருவர் மட்டுமே ஓட்டிய காலம் மெல்ல மறைந்து வருகின்றது. காலையில் குடும்பத் தலைவர் கடைக்கு எடுத்துச் செல்கின்றார். நண்பகலில் இல்லத்தரசி பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருகின்றார். மாலையில் கல்லூரியில் பயிலும் மகன் பாட்டியாரை மருத்துவரிடம் அழைத்துப் போகின்றான். மூவரின் உயரமும் வேறு. இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தி அமரும் அளவும் வேறு. தந்தைக்குச் சாலையைக் காட்டிய கண்ணாடி, உயரம் குறைந்த தாய்க்கு வானத்தைக் காட்டும். வளர்ந்த மகனுக்குத் தரையைக் காட்டும்!

இந்த வேற்றுமையைச் சரிசெய்வதற்காகவே, காரின் இரு பக்கங்களிலும் உள்ள கண்ணாடிகளை அமர்ந்த இடத்திலிருந்தே பொத்தானால் திருப்பும் வசதி வந்தது. ‘சைடு மிரர்’ என்று நாம் வழக்கில் கூறும் அந்தக் கண்ணாடி ஒருநாள் அசைய மறுக்கின்றது. அப்பொழுது நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கின்றோம். ‘கண்ணாடிதானே, கார் ஓடுகின்றதல்லவா?’ என்று அப்படியே விட்டுவிடுகின்றோம். அல்லது ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தி, ‘முழுதாக மாற்ற வேண்டும்’ என்ற சொல்லைக் கேட்டதும் ஆயிரக்கணக்கில் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புகின்றோம். முதலாவது உயிருக்குக் கேடு. இரண்டாவது பொருளுக்குக் கேடு. பழுது எங்கே இருக்கின்றது என்பதை ஓர் ஒழுங்கின்படி தேடிப் பார்த்தால் இரண்டையும் தவிர்க்கலாம். இந்த மாதம் அதைப் பற்றியே பேசுவோம்.

உயிருக்குக் கேடு எப்படி?

நம் நாட்டில் ஓட்டுநர் காரின் வலப்பக்கம் அமர்கின்றார். வலப்பக்கக் கண்ணாடி அவருடைய கைக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றது. மோட்டார் வேலை செய்யாவிட்டாலும், அவசரத்திற்குச் சன்னலை இறக்கி விரலால் மெல்லத் தள்ளிச் சரிசெய்துகொள்ளலாம். இடப்பக்கக் கண்ணாடியோ எட்டாது. இருக்கையில் அமர்ந்தபடி அதைத் திருப்ப வேண்டுமாயின் மோட்டாரை விட்டால் வேறு வழி இல்லை.

அந்த இடப்பக்கத்தில்தான் ஆபத்து பதுங்கியிருக்கின்றது. கார் இடப்புறத் தெருவுக்குள் திரும்ப முற்படும் வேளையில், காருக்கும் நடைபாதைக்கும் இடையே உள்ள சிறு இடைவெளியில் ஓர் இருசக்கர வண்டி நுழைந்து வருவது நம் ஊர்களில் அன்றாடக் காட்சி. அதில் வருபவர் முந்துவது முறையா, முறையில்லையா என்பது வேறு வழக்கு. அவரைக் காட்டித் தரவேண்டிய கண்ணாடி அவ்வேளையில் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

கண்ணாடி வந்த கதை

கார் தோன்றிய காலத்தில் இத்தகைய கண்ணாடி இருக்கவில்லை. டாரதி லெவிட் என்னும் ஆங்கிலப் பெண்மணி, பெண்கள் கார் ஓட்டுவது குறித்து 1909-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். சிறு கைக்கண்ணாடி ஒன்றை உடன் வைத்திருந்து, அவ்வப்பொழுது உயர்த்திப் பிடித்துப் பின்னால் வருவதைப் பார்த்துக்கொள்ளுமாறு அதில் அறிவுரை கூறினார். 1911-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த 500 மைல் பந்தயத்தில், மற்ற ஓட்டுநர்கள் பின்னால் வருபவரைப் பார்த்துச் சொல்வதற்கென ஓர் உதவியாளரை உடன் அமர்த்திக்கொள்ள, ரே ஹாரூன் என்பவர் தம் காரில் ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு தனியே ஓட்டி வெற்றி பெற்றார்.

இடப்பக்கத்தில் பொருத்தப்படும் கண்ணாடி பெரும்பாலும் தட்டையானதன்று. நடுவில் சற்றே புடைத்த குவியாடி. இத்தகைய வளைந்த கண்ணாடிகளை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தவர், பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதம் ஆவார். கோள வடிவக் கண்ணாடியில் ஒரு பொருளின் ஒளி எந்தப் புள்ளியில் பட்டுத் திரும்பிப் பார்ப்பவரின் கண்ணை அடையும் என்னும் கணக்கை, 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் பெருநூலில் அவர் விளக்கினார். மேலைநாட்டார் இன்றளவும் அக்கணக்கை அவர் பெயராலேயே குறிப்பிடுகின்றனர்.

குவியாடி பரந்த இடத்தைக் காட்டும். ஆனால் உருவத்தைச் சிறிதாகக் காட்டும். சிறிதாகத் தெரிவதைத் தொலைவில் இருப்பதாக நம் கண் எண்ணிக்கொள்ளும். ஆகவேதான், தெரியும் பொருள் தோன்றுவதைவிட அருகில் உள்ளது என்னும் எச்சரிக்கையைப் பயணியர் பக்கக் குவியாடியில் பொறிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டமே இருக்கின்றது. உடைந்த கண்ணாடிக்குப் பதிலாகக் கண்ணாடிக் கடையில் சாதாரணக் கண்ணாடியை வெட்டி வாங்கி ஒட்டிக்கொள்வோர் இதனைக் கருத்தில் கொள்ளவேண்டும். தட்டைக் கண்ணாடி காட்டும் பரப்பு குறைவு. இருசக்கர வண்டி மறைவதற்கு அந்தக் குறைவு போதும்.

உள்ளே இருப்பவை எவை?

பழுதைத் தேடுமுன் உள்ளே என்ன இருக்கின்றது என்று தெரிந்துகொள்வது நலம். கண்ணாடித் தகடு ஒரு பிளாஸ்டிக் தட்டின்மேல் ஒட்டப்பட்டிருக்கும். அத்தட்டுக்குப் பின்னால், பெரும்பாலான கார்களில், கட்டைவிரல் அளவே உள்ள இரண்டு மோட்டார்கள் இருக்கும். ஒன்று கண்ணாடியை மேலும் கீழும் அசைக்கும். மற்றொன்று உள்ளும் வெளியும் திருப்பும். இவை காரின் 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்குகின்றன. மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால் கண்ணாடி மேலே செல்லும். திசையை மாற்றினால் கீழே வரும். திசையை மாற்றும் வேலையைத்தான் நாம் அழுத்தும் சுவிட்ச் செய்கின்றது. மோட்டாருக்கும் கண்ணாடிக்கும் இடையே சிறு பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் உள்ளன.

கண்ணாடி முழுவதும் மடங்கும் வசதி உள்ள கார்களில், அதற்கெனத் தனி மோட்டார் ஒன்று அடிப்பகுதியில் இருக்கும். சிலவற்றில் இண்டிகேட்டர் விளக்கும், பனியைப் போக்கும் சூடேற்றியும், கேமராவும் சேர்ந்திருக்கும். இவை யாவும் ஒரே கூட்டுக்குள் இருப்பினும் தனித்தனி உறுப்புகள். ஒன்று பழுதானால் எல்லாம் பழுதாகிவிட்டன என்று பொருளன்று.

பழுதைக் கண்டறியும் ஒழுங்கு

முதலில் மிக எளியதைப் பாருங்கள். சாவியைத் திருப்பி மின்சாரம் வரும் நிலையில் வைத்திருக்கின்றீர்களா? இடம், வலம் என்று தேர்ந்தெடுக்கும் குமிழ் நடுவில் நிற்கின்றதா? நடுவில் நின்றால் எந்தக் கண்ணாடியும் அசையாது. குழந்தைகள் விளையாட்டாகத் திருகி வைத்துவிட்ட குமிழுக்காக ஒர்க்‌ஷாப் வரை போய் வருவோரும் உண்டு.

அடுத்து ஒரு கேள்வி: இரண்டு கண்ணாடிகளும் நின்றுவிட்டனவா, ஒன்று மட்டுமா? இரண்டு பக்கத்து மோட்டார்களும் ஒரே நாளில் கெடுவது அரிது. இரண்டும் ஒருசேர நின்றால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு. ஃபியூஸ் போயிருக்கலாம், சுவிட்ச் கெட்டிருக்கலாம். சில கார்களில் கண்ணாடிக்கும் செல்போன் சார்ஜ் ஏற்றும் துளைக்கும் ஒரே ஃபியூஸ்தான். அந்தத் துளையும் வேலை செய்யவில்லை என்றால் ஐயமே வேண்டாம். ஃபியூஸ் பெட்டியைத் திறவுங்கள். எந்த ஃபியூஸ் எதற்குரியது என்பது மூடியின் உட்புறத்திலோ, காருடன் வந்த கையேட்டிலோ இருக்கும். போன ஃபியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் அளவுள்ளதையே போடவேண்டும். அளவு கூடியதைப் போட்டால் ஃபியூஸ் போகாது, ஒயர் எரியும்! புதிய ஃபியூஸும் உடனே போய்விட்டால் எங்கோ ஒயர் உரசிக்கொண்டிருக்கின்றது என்று பொருள். அதற்குமேல் தாமாக முயலாமல் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் செல்வதே அறிவுடைமை.

ஒரு பக்கம் மட்டும் அசையவில்லையா? பொதுவான ஃபியூஸ் நன்றாகவே இருக்கின்றது என்று கொள்ளலாம். இப்பொழுது காதுக்கு வேலை கொடுங்கள். இரைச்சல் இல்லாத இடத்தில் காரை நிறுத்தி, ஒருவர் சுவிட்சை அழுத்த, மற்றொருவர் கண்ணாடியருகே காதை வைத்துக் கேட்கட்டும். ‘விர்’ரென்று மோட்டார் சுழலும் ஒலி கேட்டும் கண்ணாடி அசையவில்லையானால், மின்சாரம் வருகின்றது, மோட்டார் உயிரோடு இருக்கின்றது, பற்சக்கரம் தேய்ந்தோ உடைந்தோ போயிருக்கின்றது, அல்லது கண்ணாடித் தட்டு தன் பிடியிலிருந்து கழன்றிருக்கின்றது. ஒலியே இல்லையானால் மின்சாரம் வரவில்லை, அல்லது மோட்டார் கெட்டுவிட்டது.

மேலும் கீழும் அசைகின்றது, ஆனால் உள்ளும் வெளியும் திரும்பவில்லை என்றால், அந்த ஒரு திசைக்குரிய மோட்டாரையோ, ஒயரையோ, சுவிட்சின் உள் தொடர்பையோ ஐயுறலாம். மடங்கும் கண்ணாடியை யாரோ இடித்தோ, கையால் தள்ளியோ விட்டபின் அது தளர்ந்து ஆடினால் அஞ்ச வேண்டாம். பல கார்களில், சுவிட்சால் முழுமையாக மடித்து, பிறகு விரித்தால் ‘டக்’கென்ற ஒலியுடன் தன் இடத்தில் அமர்ந்துவிடும். மடிக்கும்போது ‘கடகட’வென்று ஓயாமல் ஒலித்தால், உள்ளே பல் உடைந்திருக்கக்கூடும்.

கதவின் கீலைக் கவனியுங்கள்

ஒலியே இல்லாத கண்ணாடிக்கு மோட்டார்தான் காரணம் என்று உடனே முடிவு கட்டிவிடலாகாது. கதவுக்கும் காரின் உடலுக்கும் இடையே, கீலருகில், கறுப்பு ரப்பர் குழாய் ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் வழியாகத்தான் ஒயர்கள் கதவுக்குள் செல்கின்றன. கதவைத் திறக்கும்தோறும் மூடும்தோறும் அவை மடங்கி மடங்கி நிமிர்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல, மேலுறை நன்றாக இருக்க, உள்ளே செம்புக் கம்பி அறுந்துபோகும். சுவிட்ச் ஓட்டுநர் கதவில் இருந்து நேராக ஒயர் செல்லும் கார்களில், இடப்பக்கக் கண்ணாடிக்குப் போகும் ஒயர் இரண்டு கதவுகளின் கீல்களையும் கடக்க வேண்டும்.

இதைக் கண்டறியக் கருவி எதுவும் வேண்டாம். ஒருவர் சுவிட்சை அழுத்திக்கொண்டிருக்க, மற்றொருவர் அந்தக் கதவை மெல்லத் திறந்து மூடட்டும். ஏதேனும் ஒரு நிலையில் கண்ணாடி சற்றே துடித்தாலும் போதும்; அறுப்பு ரப்பர் குழாய்க்குள்தான் இருக்கின்றது!

எம் ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தார்.

“ஹஜ்ரத், எடது பக்கக் கண்ணாடி அசையவே இல்லைங்க. முழுசா மாத்தணும்னு சொல்லிட்டாங்க.”

“ஒரு தடவைகூட அசையலையா?”

“நேத்து வீட்டுல இறங்குறப்ப, கதவு பாதி திறந்திருந்தப்ப லேசா அசைஞ்ச மாதிரி இருந்துச்சு.”

“அப்படின்னா கண்ணாடியில கோளாறு இல்லை, கதவுகிட்டதான் கோளாறு. மாத்துறதுக்கு முன்னால அந்த ரப்பரை உருவி ஒயரைப் பார்க்கச் சொல்லுங்க.”

பார்த்தபோது ஓர் ஒயர் அறுந்திருந்தது. அதனைப் பற்றவைத்து, உறையிட்டு மூடியதும் கண்ணாடி முன்போல் திரும்பியது. முழுக் கூட்டையும் மாற்றியிருந்தால், புதிய கண்ணாடியும் அசையாமல்தான் நின்றிருக்கும்.

மெக்கானிக்குகளைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. பழுதைத் தேடுவதற்கு நேரம் செலவாகின்றது. அந்த நேரத்துக்குக் கூலி கொடுக்க நாம் முன்வருவதில்லை. பொருளுக்குத்தான் பணம் கொடுக்கின்றோம். ஆகையால் அவர்களும் பொருளையே மாற்றுகின்றார்கள். ‘பழுது எந்த உறுப்பில்? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?’ என்று பணிவாகக் கேளுங்கள். கண்டுபிடித்ததற்குரிய கூலியையும் மனமுவந்து கொடுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மீட்டர் சொல்லும் தீர்ப்பு

கீலிலும் குறை இல்லையா? இனிக் கதவின் உட்பலகையைத் திறந்து, கண்ணாடிக்குச் செல்லும் கனெக்டரைப் பார்க்கவேண்டும். முதலில் கண்ணால் பாருங்கள். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று செம்பை அரிக்கும். கனெக்டரின் உள்ளே பச்சை நிறத்தில் பூத்திருந்தால், அதற்குரிய கிளீனர் தெளித்துத் துடைத்து மீண்டும் செருகினாலே சில வேளைகளில் வேலை முடிந்துவிடும்.

பிறகு மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி. அளவில் வைத்து, கண்ணாடியை அசைக்கும் ஒயர்களில் இரண்டிரண்டாகத் தொட்டுப் பார்க்கவேண்டும். சுவிட்சை ஒரு திசையில் அழுத்தும்போது, உரிய இரண்டு ஒயர்களுக்கிடையே ஏறத்தாழ 12 வோல்ட் காட்டும். எதிர்த்திசையில் அழுத்தினால் அதே எண் கழித்தல் குறியுடன் தோன்றும். மின்சாரம் இங்கே வந்தும் மோட்டார் அசையவில்லையானால், மோட்டார் கெட்டுவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். மின்சாரமே வரவில்லையானால் பழுது சுவிட்சிலோ ஒயரிலோ இருக்கின்றது; கண்ணாடிக்காகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓட்டுநருக்கு ஓட்டுநர் கண்ணாடி நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் உயர்தரக் கார்களில், மோட்டார்களைக் கணினிச் சில்லு ஒன்று இயக்குகின்றது. அத்தகைய கார்களில் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்துச் சோதித்தால் விலையுயர்ந்த அந்தச் சில்லு பாழாகிவிடும். அவற்றை ஸ்கேனர் கருவி உள்ளவர்களிடமே விட்டுவிடுங்கள். வாரண்டி காலம் முடியாத காரையும் நாமே திறக்கலாகாது.

எதை மாற்றுவது?

கண்ணாடித் தகடு மட்டும் உடைந்திருந்தால், தட்டுடன் கூடிய தகடு தனியாகக் கிடைக்கும். வெளி மூடி மட்டும் கீறியிருந்தால் மூடி தனியாகக் கிடைக்கும். சில கார்களுக்கு மோட்டார் பகுதியும் தனியே கிடைக்கின்றது. அடிப்பகுதியே முறிந்தாலோ, மடக்கும் பற்சக்கரம் உடைந்து தனியே கிடைக்காவிட்டாலோதான் முழுக் கூட்டையும் மாற்ற நேரிடும்.

கண்ணாடித் தகட்டை மாற்றும்போது கையுறையும் கண்ணுக்குக் காப்பும் அணிந்துகொள்ளுங்கள். விரிசல் விட்ட கண்ணாடியின்மேல் அகலமான டேப்பை ஒட்டிவிட்டால் துண்டுகள் சிதறமாட்டா. தகட்டின் மேல்விளிம்பை உள்நோக்கி அழுத்தினால் கீழ்விளிம்பு வெளியே எழும். அந்த இடைவெளியில் துணி சுற்றிய பிளாஸ்டிக் நெம்பியை விட்டு மெல்ல இழுத்தால் பிடிகள் விடுபடும். சூடேற்றும் ஒயர்கள் இருந்தால் அவற்றைப் பிடுங்காமல் முனையைப் பிடித்துக் கழற்றவேண்டும். புதியதை வைத்து, நடுப்பகுதியில் உள்ளங்கையால் சீராக அழுத்தினால் ‘டக்’கென்று அமரும். ஓரத்தில் அழுத்தினால் உடையும்.

முழுக் கூட்டை மாற்றுவதாயின், சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். ஏர்பேக் உள்ள கார்களில் இது மிகவும் இன்றியமையாதது. கதவின் உட்புறம், கண்ணாடிக்கு நேரே, முக்கோண மூடி ஒன்று இருக்கும். சில கார்களில் அதைக் கழற்றினாலே போதும். சிலவற்றில் கதவின் உட்பலகை முழுவதையும் எடுக்கவேண்டும். உட்பலகையில் மறைவான ஸ்குரூக்கள் இருக்கும். கைப்பிடிக் குழியிலும் சிறு மூடிகளுக்கு அடியிலும் தேடுங்கள். எல்லாம் கழன்றபின்னும் வராவிட்டால் எங்கோ ஒரு ஸ்குரூ மிச்சமிருக்கின்றது. வலிந்து இழுக்க வேண்டாம். கனெக்டரைப் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள். கண்ணாடிக் கூட்டைப் பெரும்பாலும் மூன்று நட்டுகளோ போல்ட்டுகளோ பிடித்திருக்கும். கடைசி நட்டைக் கழற்றும்போது வெளியே ஒருவர் கூட்டைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். இல்லையேல் அது விழுந்து கதவின் பெயிண்டையும் கெடுக்கும். நட்டு கதவுக்குள் விழுந்துவிடாதபடி அடியில் ஒரு துணியைச் செருகி வையுங்கள்.

புதிய கூட்டைப் பொருத்தும்போது, அதன் அடியில் உள்ள ரப்பர் அல்லது ஸ்பாஞ்சு பட்டை மடங்காமல் அமர்கின்றதா என்று பாருங்கள். மழைநீரும் காற்றிரைச்சலும் நுழைவது அவ்வழியேதான். உட்பலகையை மூடுமுன் பேட்டரியை இணைத்து எல்லா அசைவுகளையும் சோதித்துவிடுங்கள். கேமரா உள்ள கண்ணாடியாயின், மாற்றியபின் சர்வீஸ் நிலையத்தில் அதன் பார்வையைச் சீரமைக்க வேண்டியிருக்கும்.

வாங்கும்போது...

இடப்பக்கத்துக் கண்ணாடி வலப்பக்கத்துக்குப் பொருந்தாது. ஒரே பெயருடைய காரிலும் ஆண்டுக்கு ஆண்டு, மாடலுக்கு மாடல் மாற்றம் உண்டு. ஆகவே 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட சேசிஸ் எண்ணைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். பழைய கனெக்டரில் எத்தனை முனைகள் உள்ளன என்று எண்ணிக்கொள்ளுங்கள். அசைப்பதற்கு மட்டும் பொதுவாக 3 முனைகள் போதும். மடக்கவும் விளக்கெரியவும் வசதி கூடினால் முனைகளும் கூடும்.

சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் நல்ல நிலையில் உள்ள கண்ணாடிகள் குறைந்த விலைக்குக் கிடைப்பதுண்டு. ஆயினும், எங்கே வாங்கினாலும் ரசீது கேளுங்கள். தெருவில் நிறுத்திய கார்களிலிருந்து கண்ணாடிகளைத் திருடுவது நகரங்களில் நடக்கின்றது. விலை மிக மலிவாக இருந்து, எங்கிருந்து வந்தது என்று விற்பவர் சொல்லத் தயங்கினால், அப்பொருளைத் தொடவேண்டாம். திருட்டுப் பொருள் என்று அறிந்து வாங்குவது சட்டப்படி குற்றம், மார்க்கப்படியும் ஆகாது. நம் கார்க் கண்ணாடியும் நாளை அதே கடையில் தொங்கக்கூடும்!

காப்பீட்டைப் பற்றியும் ஒரு சொல். விபத்தில் உடைந்த கண்ணாடிக்கு இழப்பீடு கேட்கலாம். தானாக மோட்டார் கெட்டதற்குச் சாதாரணப் பாலிசியில் இழப்பீடு இல்லை. விபத்தாயினும், பிளாஸ்டிக் பாகங்களின் விலையில் 50 விழுக்காடு தேய்மானமாகக் கழிக்கப்படும். அதற்கென நீக்கு வசதி எடுத்தவர்களுக்கே முழுத்தொகை. இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் ‘நோ கிளெய்ம் போனஸ்’ சலுகை முதலாண்டில் 20 விழுக்காட்டில் தொடங்கி, ஐந்து ஆண்டுகளில் 50 விழுக்காடு வரை உயர்கின்றது. ஒரு கண்ணாடிக்காக இழப்பீடு கேட்டால் அச்சலுகை போய்விடும். இரண்டையும் கணக்கிட்டுப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

பொருத்தியபின் திருப்பவும் வேண்டும்

கண்ணாடியைச் சரிசெய்துவிட்டோம். ஆயினும் அதை முறையாகத் திருப்பி வைக்காவிட்டால் செலவு செய்ததன் பயன் கிட்டாது. நம்மில் பலர், தம் காரின் பக்கமே பாதிக் கண்ணாடியை அடைத்துக்கொள்ளும்படி வைக்கின்றோம். நம் கதவு எங்கும் போய்விடாது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பதால் பயன் என்ன? ஜார்ஜ் பிளாட்சர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1995-இல் ஓர் எளிய முறையை விளக்கினார். அதை நம் நாட்டுக் கார்களுக்கு ஏற்பச் சொல்வதானால்: தலையை வலப்பக்கச் சன்னலருகே சாய்த்து, காரின் வலப்பக்கம் விளிம்பில் சற்றே தெரியும்படி வலக்கண்ணாடியை வெளிநோக்கித் திருப்புங்கள். பிறகு தலையைக் காரின் நடுப்பகுதிக்குச் சாய்த்து, காரின் இடப்பக்கம் சற்றே தெரியும்படி இடக்கண்ணாடியைத் திருப்புங்கள். நிமிர்ந்து அமர்ந்தால் காரின் பக்கங்கள் தெரியா. அவற்றை அடுத்த சாலைப் பகுதி தெரியும். நேர்பின்னால் வருவதை உள்ளே இருக்கும் கண்ணாடி காட்டும். பழகச் சில நாட்கள் ஆகும். பழகியபின்னும், திரும்புமுன் ஒரு முறை கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதை விட்டுவிடலாகாது.

வாசகர்களே! நாளைக் காலை காரை எடுக்குமுன் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். வீட்டில் கார் ஓட்டும் ஒவ்வொருவரும் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, இடக்கண்ணாடியை நான்கு திசைகளிலும் அசைத்துப் பார்க்கட்டும். ஏதேனும் ஒரு திசையில் அது தயங்கினால், இந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஃபியூஸிலிருந்து தேடத் தொடங்குங்கள். கண்ணாடி சரியாகும் வரை, அந்தக் காரை எவருக்கு அந்தக் கண்ணாடி சரியாகத் தெரிகின்றதோ அவர் மட்டுமே ஓட்டட்டும்.